சிமிலி செய்ய வாங்கிய முளைகட்டிய கேழ்வரகு மாவு

என் மகளுக்குச் சீலியாக் நோய் (கோதுமை போன்ற தானியங்களில் உள்ள குளூட்டன் என்ற புரதம் குடலைப் பாதிக்கும் நோய்) இருப்பது உறுதியான நாளிலிருந்து, மாவுப் பொட்டலங்களின் முன்பக்கத்தைவிடப் பின்பக்கத்தைத்தான் நான் கவனமாகப் படிக்கிறேன். கேழ்வரகில் இயல்பாகவே குளூட்டன் கிடையாது. ஆனால் கோதுமை அரைத்த அதே மில்லில் அதை அரைத்தால், இயந்திரத்தில் ஒட்டியிருக்கும் கோதுமை மாவு இதிலும் கலந்துவிடும். ஆகவேதான், கிலோவுக்கு 20 மில்லிகிராமுக்குக் குறைவான குளூட்டன் என்றும் கோதுமை நுழையாத தனி ஆலையில் அரைத்தது என்றும் அச்சிட்டிருந்த இந்த முளைகட்டிய கேழ்வரகு மாவை, அரைக் கிலோ 140 ரூபாய்க்கு இணையத்தில் வாங்கினேன்.

வாங்கியது சிமிலி என்ற கேழ்வரகு இனிப்பு உருண்டை செய்வதற்காக. ஒரு குவளை மாவில் சிட்டிகை உப்பும் வெந்நீரும் சேர்த்துப் பிசைந்து, வாழையிலையில் அடையாகத் தட்டிக் கல்லில் இருபுறமும் நிதானமாக வேகவிட்டேன். முளைவிடும்போது தானியத்தின் மாவுச்சத்தில் ஒரு பகுதி சர்க்கரையாக உடைவதால், இந்த மாவுக்குப் பிசுபிசுப்பு குறைவு. அடை ஓரங்களில் விரிந்தது, தீ சற்றுக் கூடினாலும் சட்டென்று சிவந்தது. அடையாகவே சாப்பிட விரும்புபவருக்கு இது குறையாகத் தோன்றலாம். சிமிலிக்கோ எப்படியும் அடையைப் பிய்த்துப்போட்டு, வறுத்துத் தோல் நீக்கிய வேர்க்கடலை, வறுத்த எள், தட்டிய வெல்லம் ஆகியவற்றோடு மிக்ஸியில் விட்டு விட்டு அரைக்கத்தான் போகிறோம். மாவிலேயே மெல்லிய இனிப்பு இருந்ததால், வழக்கமாக முக்கால் குவளை வெல்லம் போடும் நான் அரைக் குவளையோடு நிறுத்திக்கொண்டேன், சுவை குறையவில்லை. கடலையிலும் எள்ளிலும் இருந்து கசிந்த எண்ணெயே உருண்டை பிடிக்கப் போதுமாக இருந்தது, நெய் தேவைப்படவில்லை.

கடலையையும் எள்ளையும் நான் சில்லறையாக வாங்குவதில்லை. மைதா அள்ளிய கரண்டியாலேயே எள்ளையும் அள்ளிப் போடுவதை மளிகைக் கடையில் கண்ணால் பார்த்திருக்கிறேன். மாவுக்கு இவ்வளவு கவனம் எடுத்துவிட்டு அங்கே கோட்டைவிடக் கூடாது.

எனக்கு உண்மையாகவே வருத்தம் தந்தது பொட்டலத்தில் இருந்த இன்னொரு வரி. 'சர்க்கரை நோயாளிகள் தாராளமாக உண்ணலாம்' என்கிறார்கள். கேழ்வரகில் 100 கிராமுக்கு 300 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் இருப்பது சரிதான், ஆனால் அதன் எடையில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு மாவுச்சத்து. வெல்லமும் சேரும் இந்தப் பலகாரத்தை அவர்கள் தாராளமாக உண்ண முடியாது. குளூட்டன் விஷயத்தில் இத்தனை பொறுப்பாக நடந்துகொள்பவர்கள் இதையும் திருத்த வேண்டும்.

விலை, சாதாரண மாவைவிட அதிகம். குளூட்டன் ஒத்துக்கொள்ளும் குடும்பங்கள் இதற்கு இவ்வளவு கொடுக்க அவசியமில்லை. கேழ்வரகை வீட்டிலேயே முளைகட்டி உலர்த்தி அரைத்துக்கொள்ளலாம். எங்கள் வீட்டில் அன்று பிடித்த பன்னிரண்டு உருண்டைகளில் ஐந்தை மகள் பள்ளிக்குக் கொண்டுபோனாள். வெந்த அடை ஈரமுள்ளது என்பதால், மீதியை மறுநாள் மாலைக்குள் தீர்த்துவிட்டோம்.