‘முழுப் பின்னணி இசை, 2 சிடி, 300 பிரதி மட்டும்’: பணம் கட்டும் முன் இதைப் படியுங்கள்

எண்பதுகளில் வந்த ஒரு தமிழ்ப் படத்தின் பெயரைப் போட்டு, ‘ஒரிஜினல் ஸ்கோர், முதன்முறையாக மாஸ்டர் டேப்பிலிருந்து’ என்று ஒரு விளம்பரம் சேகரிப்பாளர்களிடையே சுற்றுகிறது. 2 சிடி, கையால் எண்ணிட்ட 300 பிரதி, விலை 3,500 ரூபாய். முழுத் தொகையையும் முன்பதிவின்போதே தனிநபர் யுபிஐ ஐடிக்கு அனுப்ப வேண்டும். கட்டியவர்களுக்கு ஐந்து வாரம் கழித்து வந்தது வீட்டுக் கம்ப்யூட்டரில் ரைட் செய்த சிடி-ஆர். வந்த பிரதிகளில் மூன்றைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது இரண்டின் பின்னட்டையில் ஒரே எண்: 117.

இந்த வலை ஏன் பலிக்கிறது என்றால், தமிழில் பின்னணி இசை தனி ஆல்பமாக வந்தது மிகக் குறைவு. இசைத்தட்டாகவும் கேசட்டாகவும் வந்தவை பாடல்கள்தான். பின்னணி இசை படத்தின் ஒலி நெகட்டிவோடு போனது. அந்தப் பசியைத் தெரிந்து வைத்துக்கொண்டு விற்கிறார்கள்.

சிடிக்குள் இருப்பது என்ன என்பதைச் சொல்கிறோம். அக்காலத் தமிழ்ப் படங்களில் பெரும்பாலானவை மோனோ. வசனம், இசை, காலடிச் சத்தம் மூன்றும் ஒரே ஆப்டிகல் டிராக்கில், அதாவது ஃபிலிமின் ஓரத்தில் பதிந்த ஒலித்தடத்தில், கலந்து கிடக்கும். 5.1 டிவிடியில் செய்வதுபோல நடுச் சேனலை அணைத்து வசனத்தை நீக்குவது இதில் நடக்காது. அதனால் குரலைப் பிரிக்கும் மென்பொருளில் போட்டு உருவியிருக்கிறார்கள். முதல் சிடியின் ஏழாவது டிராக்கை ஹெட்போனில் கேளுங்கள். புல்லாங்குழல் ஓயும் இடத்தில் இரண்டு முறை கொலுசு, அடுத்து ஒரு கதவுத் தாழ்ப்பாள். வயலின்கள் சேர்ந்து எழும் இடமெல்லாம் தண்ணீருக்கு அடியிலிருந்து வருவதுபோல் நெளிகின்றன. வசனம் இருந்த இடத்தில் இசையின் நடுப்பகுதியே குழிந்து போயிருக்கிறது. கேட்டால், ‘இது எம் அண்ட் ஈ டிராக், அதனால்தான் சத்தங்கள் இருக்கும்’ என்கிறார் விற்றவர். டப்பிங்குக்காக வசனம் இல்லாமல் தயாராகும் அந்த டிராக்கில் காலடிச் சத்தம் இருக்கும் என்பது உண்மைதான். ஆனால் வயலின் நெளியாது.

‘மாஸ்டர் டேப்’ என்ற பேச்சை உடைக்க இன்னும் எளிய வழி ஸ்பெக்ட்ரம் பார்ப்பது, அதாவது எந்த அதிர்வெண்ணில் எவ்வளவு ஓசை இருக்கிறது என்பதைப் படமாகப் பார்ப்பது. சிடியை வேவ் கோப்பாக ரிப் செய்து ஸ்பெக் அல்லது ஆடாசிட்டியில் திறந்தால் போதும், இரண்டும் இலவச மென்பொருள்கள். நல்ல ஸ்டூடியோ டேப்பில் ஹை-ஹாட், ஜால்ரா ஓசை 15,000 ஹெர்ட்ஸைத் தாண்டியும் மெல்ல மெல்லத் தேயும். பழைய ஆப்டிகல் டிராக்கிலோ 8,000 ஹெர்ட்ஸுக்கு மேல் பெரிதாக ஒன்றும் இருக்காது. முதல் சிடி முழுக்க அப்படித்தான் இருக்கிறது. ஆக, மூலம் திரைப்படப் பிரதி, டேப் அல்ல. போனஸ் பாடல்கள் உள்ள இரண்டாவது சிடியில் வேறு கதை: 16,000 ஹெர்ட்ஸில் கத்தியால் வெட்டியதுபோல் சுவர். 128 கேபிபிஎஸ் எம்பி3 விட்டுச் செல்லும் தடம் அது. ஓசை தேய்ந்து முடிவதற்கும் வெட்டுப்பட்டு நிற்பதற்கும் உள்ள வேறுபாட்டைக் கவனியுங்கள். பழைய பதிவில் உச்ச ஸ்தாயி குறைவாக இருப்பது மட்டும் குற்றமல்ல.

தட்டை வைத்தே கண்டுபிடிக்கலாம். ஆலையில் அழுத்திய சிடியின் அடிப்பக்கம் சுத்தமான வெள்ளி நிறம். சிடி-ஆரில் பச்சை அல்லது நீலச் சாயல் இருக்கும், ரைட் ஆன பகுதியும் ஆகாத பகுதியும் பிரியும் இடத்தில் ஒரு வட்டக் கோடு தெரியும். மேல்பக்கப் படம் இங்க்ஜெட் பிரிண்டாக இருந்தால் ஈர விரலால் ஓரத்தைத் தொட்டால் மை இழுபடும். நடுத் துளையைச் சுற்றியுள்ள கண்ணாடி வளையத்தில் கேட்டலாக் எண்ணோடு மேட்ரிக்ஸ் எண், அதாவது ஆலை பொறிக்கும் அடையாள எண், இருக்க வேண்டும். 1994க்குப் பிறகு வந்தவற்றில் ஐஎஃப்பிஐ (சர்வதேச இசைப்பதிவுத் துறை அமைப்பு) என்ற குறியீடும் வழக்கமாக இருக்கும். ஆனால் அதை மட்டும் நம்பாதீர்கள், வெற்று சிடி-ஆர்களிலும் வார்ப்பச்சுக் குறியீடாக ஐஎஃப்பிஐ வருவதுண்டு. சந்தேகமே இல்லாமல் தெரிய வேண்டுமானால் ரைட்டர் உள்ள டிரைவில் போட்டு இம்ஜ்பர்ன் மென்பொருளைத் திறங்கள். ஏடிஐபி என்று ஒரு தகவல் பகுதி வந்தால் அது சிடி-ஆர். வெற்றுத் தட்டில் முன்கூட்டியே போட்டிருக்கும் பள்ளத்தில் பதிந்த தகவல் அது. ஆலைத் தட்டில் அந்தப் பள்ளமே கிடையாது.

அட்டையையும் பாருங்கள். நம் 1957 பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஏ பிரிவுப்படி, ஒலிப்பதிவைத் தயாரித்தவரின் பெயரும் முகவரியும், உரிமையாளரின் பெயரும் முகவரியும், முதலில் வெளியான ஆண்டும் தட்டிலும் உறையிலும் இருக்க வேண்டும். இந்த 3,500 ரூபாய்ச் சமாசாரத்தில் இருப்பது ஒரு பட ஸ்டில்லும் ‘கலெக்டர்ஸ் எடிஷன்’ என்ற சொல்லும்தான்.

‘சீல் பிரிக்காதது’ என்பதற்கு மயங்க வேண்டாம். சுருங்கும் பிளாஸ்டிக் தாளும் ஒரு ஹீட் கன்னும் இருந்தால் எதையும் சீல் செய்யலாம். சீலைப் பிரித்தால் ரிட்டர்ன் இல்லை என்பது இவர்களுடைய விதி, ஆனால் பிரிக்காமல் உள்ளே இருப்பதைப் பார்க்க வழியில்லை. பொறியே அங்கேதான்.

உண்மையான லிமிடெட் எடிஷன் எப்படி வரும் என்பதற்கு அமெரிக்காவின் லா-லா லேண்ட், இன்ட்ராடா, வரேஸ் சராபாண்ட் நிறுவனங்களின் பக்கங்களைப் பாருங்கள். கேட்டலாக் எண், டிராக் பட்டியல் என்று எல்லாம் அவர்கள் தளத்திலேயே இருக்கும். எந்த மூலத்திலிருந்து எடுத்தது, ஏன் ஒரு பகுதியில் ஒலி மங்கியிருக்கிறது என்பதைக்கூட உள்ளே வரும் கையேட்டில் எழுதுவார்கள். ‘மாஸ்டர் டேப்’ என்று சொல்லும் ஒருவரிடம், யார் வைத்திருந்த டேப், உரிமை யாரிடம் வாங்கியது என்று இரண்டே கேள்வி கேளுங்கள். கூடவே தட்டின் அடிப்பக்கம், நடு வளையம், பின்னட்டை மூன்றையும் இன்றைய தேதி எழுதிய தாளோடு படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள். இன்னும் அச்சுக்கே போகவில்லை என்று பதில் வந்தால், அச்சுக்குப் போன பிறகு பேசலாம் என்று விட்டுவிடுங்கள். இசை வெளியீடுகளைப் பட்டியலிட்டு விற்கும் தளமான டிஸ்காக்ஸிலும் தேடலாம். அங்கே அனுமதியற்ற வெளியீடுகளை விற்கவே தடை, அப்படிக் குறிக்கப்பட்டிருந்தால் விஷயம் முடிந்தது.

ஏற்கெனவே பணம் அனுப்பியவர்கள்: கார்டில் கட்டியிருந்தால் வங்கியிடம் சார்ஜ்பேக், அதாவது கட்டிய தொகையைத் திரும்பப் பெறும் வசதி, கேளுங்கள். நாமே பின் போட்டுத் தனிநபருக்கு அனுப்பிய யுபிஐ பணத்துக்கு அந்த வசதி இல்லை. உடனே சைபர் குற்ற உதவி எண் 1930க்கு அழைத்துப் புகார் செய்தால், பணம் அந்தக் கணக்கைத் தாண்டும் முன் நிறுத்தி வைக்க வாய்ப்புண்டு. டெலிவரிக்கு ஐந்து வாரம் என்று வைத்திருப்பதே அந்த வாய்ப்பு கடந்து போகட்டும் என்பதற்காகத்தானோ என்று எங்களுக்குச் சந்தேகம். தரம் குறித்த புகாருக்கு தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. பார்சலைப் பிரிக்கும்போது முகவரிச் சீட்டு தெரிகிற மாதிரி, இடையில் நிறுத்தாமல் வீடியோ எடுத்து வையுங்கள். விளம்பரத்தின் ஸ்கிரீன்ஷாட்டையும் இன்றே எடுங்கள், பழைய விளம்பரம் ஏற்கெனவே அழிக்கப்பட்டுவிட்டது.

அதே யுபிஐ ஐடியோடு இப்போது புதிய விளம்பரம் வந்திருக்கிறது. இந்த முறை எல்பி இசைத்தட்டு, 200 பிரதி, 5,800 ரூபாய். தட்டின் படம் இருக்கிறது, ஆனால் ஊசி கடைசியில் போய் நிற்கும் வழுவழுப்பான வளையம் மட்டும் ஒரு படத்திலும் இல்லை. மேட்ரிக்ஸ் எண் செதுக்கப்படும் இடம் அதுதான். கேட்டதற்கு இன்றுவரை பதில் வரவில்லை.