செயின்ட் ஜோசப் கல்லூரி, திருச்சி: ஒரு வாழை விவசாயியின் மதிப்புரை

திருக்காட்டுப்பள்ளிப் பக்கத்தில் பிள்ளை பிளஸ் டூ முடித்தால், எந்த இன்ஜினீயரிங் கல்லூரி என்றுதான் கேட்பார்கள். என் மகன் செயின்ட் ஜோசப்பில் தாவரவியல் சேர்ந்தபோது, "செடி கொடியைப் படிக்கத் திருச்சி வரை போக வேண்டுமா? கொல்லையில் இல்லாததா?" என்றார் என் மைத்துனர். அவரைப் போலக் கேட்பவர்களுக்காகவே இதை எழுதுகிறேன்.

இயேசு சபையினர் 1844-ல் நாகப்பட்டினத்தில் தொடங்கி, 1883-ல் திருச்சிக்கு மாற்றிய கல்லூரி இது. 1978 முதல் தன்னாட்சி, அதாவது பாடத்திட்டமும் தேர்வும் கல்லூரியே பார்த்துக்கொள்ளும். பட்டம் பாரதிதாசன் பல்கலைக்கழகத்துடையது. அப்துல் கலாம் இயற்பியல் படித்த இடம் என்பதைச் சொல்லாத ஆளில்லை. நான் சொல்ல வந்தது இங்குள்ள ராபினாட் உலர்தாவரக் காப்பகத்தைப் பற்றி. செடிகளை உலர்த்தித் தாளில் ஒட்டிப் பாதுகாக்கும் இடம். அருட்தந்தை கே.எம். மேத்யூ 1967-ல் நிறுவியது.

துறையில் அனுமதி கேட்டு மகன் என்னை அழைத்துப் போனான். கெட்டித் தாளில் வேரும் பூவுமாக அழுத்தி ஒட்டிய கரிசலாங்கண்ணி, பச்சை போய்ப் பழுப்பேறியிருந்தது. ஓரத்தில் ஒட்டிய சீட்டில் அறிவியல் பெயர், எடுத்த ஊர், தேதி, எடுத்தவர் பெயர். வரப்பில் நான் கூலி கொடுத்துப் பிடுங்கி எறிகிற செடிக்கு இங்கே அலமாரியில் இடம்! சீட்டில் ஊர்ப் பெயர் இல்லையென்றால் அந்தத் தாளுக்கு மதிப்பே இல்லை என்று மகன் விளக்கினான். வீட்டில் எதையும் வைத்த இடத்தில் வைக்காதவன்.

ஷெப்பர்டு என்ற திட்டத்தில் மாணவர்களைக் கிராமங்களுக்கு அனுப்புகிறார்கள். நாற்றங்காலில் விளையாடி வளர்ந்தவனையே கிராமத்தை அறிந்து வா என்று அனுப்பினால் சிரிப்பு வராதா? ஆனால் கூடப் போன நகரத்துப் பையன்கள் வாய்க்கால் தண்ணீரை முறை வைத்துப் பங்கிடும் முறைப்பாசனத்தைப் பற்றித் துருவித் துருவிக் கேட்க, பதில் தெரியாமல் எனக்குத்தான் போன் செய்தான். அதற்கு முன் அவன் என்னிடம் விவசாயம் பற்றி வாயே திறந்ததில்லை.

பட்டம் வாங்கியதும் வேலை என்று கணக்குப் போடுபவர்களுக்கு இந்தப் படிப்பு ஒத்துவராது. தாவரவியலில் இளங்கலை மட்டும் போதாது, முதுகலைக்கும் சேர்த்துப் பணம் எடுத்துவையுங்கள். அரசு உதவி பெறும் பிரிவில் இடம் கிடைத்தால் கட்டணம் குறைவு. சுயநிதிப் பிரிவில் கூடுதல். விண்ணப்பிக்கும்போதே எந்தப் பிரிவு என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

தங்குவதற்கு வெளியே ஒரு தனியார் விடுதி பிடித்தோம். அங்கே சாம்பாரில் பருப்பைத் தேட வேண்டியிருந்தது. இப்போது வீட்டிலிருந்தே போய் வருகிறான். கல்லணை வழி பஸ் சத்திரம் பஸ் நிலையத்தில் இறக்கிவிடுகிறது, அங்கிருந்து கல்லூரிக்கு நடைதான். சேர்க்கைக்குக் காரில் மட்டும் வராதீர்கள். தெப்பக்குளம் பக்கம் நிறுத்த இடம் தேடியே பாதிப் பொழுது போய்விடும்.