பாட்டு இத்தாலியம், வரிகள் முன்சீட்டு முதுகில்: மெட் ஓபராவின் குட்டித் திரை

நியூயார்க்கின் இசைநாடக அரங்கமான மெட்ரோபாலிட்டன் ஓபராவில் (சுருக்கமாக மெட்) மேடைக்கு மேலே பாடல் வரிகளின் மொழிபெயர்ப்பைக் காட்டும் திரை கிடையாது. 1995-இல் வந்த 'மெட் டைட்டில்ஸ்' ஏற்பாட்டில் ஒவ்வொருவருக்கும் எதிரிலேயே ஒரு குட்டித் திரை. நிகழ்ச்சி தொடங்கியதும் அதன் வலப்பக்கச் சிவப்புப் பொத்தானை அழுத்த வேண்டும். ஆங்கிலம், ஜெர்மன், ஸ்பானிஷ் என்று மாறும். வேண்டிய மொழி வரும்வரை அழுத்துங்கள். வேண்டாமென்றால் அணைத்தும் வைக்கலாம். பக்கத்து இருக்கைக்கு வெளிச்சம் சிதறாது. மேடைமேல் மாட்டும் திரையைவிட இது மேல் என்பதற்கு அந்த ஒன்றே போதும்.

மிக உயர்ந்த பெண்குரல் பாடகியான சோப்ரானோ உச்ச ஸ்தாயியில் பாடும்போது உயிரெழுத்துகள் ஒன்றோடொன்று கலந்துவிடும். இத்தாலியருக்கே சொல் பிடிபடாது. திரையின் அருமை அப்போதுதான் தெரியும்.

குறைகளும் உண்டு. நான்கு பேர் நான்கு விதமாகப் பாடும் இடத்தில் எல்லாருடைய வரிகளும் திரையில் வராது. நகைச்சுவை வரி பாடகரை முந்திக்கொண்டு வந்தால் சிரிப்பு முன்கூட்டியே வெடித்துவிடும். கிட்டத்துத் திரைக்கும் தூரத்து மேடைக்கும் மாறி மாறிப் பார்ப்பதில் கண் சோர்ந்துபோகும்.

கதைச்சுருக்கத்தை முன்பே படித்துவிட்டுப் போங்கள். ஹாண்டல் என்ற இசையமைப்பாளரின் ஆரியா (தனிப்பாடல்) என்றால் முதல் பகுதியின் வரிகளே பெரும்பாலும் கடைசியில் திரும்பவும் வரும். ஒருமுறை படித்தபின் திரையை மறந்துவிட்டுப் பாடகரின் தொண்டையைக் கவனிக்கலாம். புதுப் பிருகாக்கள் விழுவது வரிகள் திரும்ப வரும் அந்த இடத்தில்தான்.