எட்கர்: பன்னாட்டு நிறுவனங்களின் வரிக் கணக்கைத் திறந்து காட்டும் தளம்

பன்னாட்டு நிறுவனம் ஒன்றின் லாபத்தில் எத்தனை சதவீதம் உண்மையில் வருமான வரியாகிறது என்று அறிய விரும்புவோருக்கு, அமெரிக்கப் பங்குச் சந்தை ஆணையமான எஸ்.இ.சி. நடத்தும் 'எட்கர்' தளத்தையே நான் முதலில் பரிந்துரைப்பேன். கட்டணம் இல்லை, பதிவு செய்யவும் வேண்டாம். நிறுவனத்தின் பெயரையோ பங்குக் குறியீட்டையோ உள்ளிட்டால், 10-கே எனப்படும் ஆண்டறிக்கை தாக்கல் செய்யப்பட்ட வடிவிலேயே கிடைக்கிறது.

பங்குத் தகவல் செயலிகள் பலவும் பயனுறு வரி விகிதத்தை, அதாவது லாபத்தில் வரிச் செலவின் சதவீதத்தை, ஒற்றை எண்ணாகவே தருகின்றன. ஆப்பிளின் 2024 நிதியாண்டு விகிதம் 24.1 சதவீதம், முந்தைய ஆண்டில் அது 14.7. இந்த எண்களை மட்டும் பார்ப்பவர், வரிச்சுமை நிரந்தரமாக ஏறிவிட்டதாகவே எண்ணுவார். எட்கரில் அந்த நிதியாண்டின் 10-கே அறிக்கையில் உள்ள வருமான வரிக் குறிப்பைத் திறந்தால்தான் விஷயம் விளங்குகிறது.

வரிக்கு முந்தைய லாபம் 12,348.5 கோடி டாலர். அமெரிக்கக் கூட்டாட்சி அரசின் சட்டப்படியான விகிதம் 21 சதவீதம் என்பதால், கணக்கு 2,593.2 கோடியில் தொடங்குகிறது. அதனுடன் மாநில வரிகளுக்காக 116.2 கோடி சேர்கிறது. வெளிநாட்டுத் துணை நிறுவனங்களின் வருவாய்க்கு விகிதம் வேறுபடுவதால் 531.1 கோடியும், ஆராய்ச்சிச் சலுகையால் 139.7 கோடியும், ஊழியர் பங்குகள் தொடர்பான வரிப் பயனால் 89.3 கோடியும் குறைகின்றன. ஆப்பிளுக்கு அயர்லாந்து வழங்கிய வரிச்சலுகை சட்டவிரோத அரசு உதவி என்று ஐரோப்பிய ஆணையம் 2016-இல் எடுத்த முடிவை, ஐரோப்பிய நீதிமன்றம் 2024 செப்டம்பர் 10 அன்று உறுதி செய்ததன் விளைவாக, நிகரமாக 1,024.6 கோடி ஏறுகிறது. சில்லறை வகைகளையும் சேர்த்தால் மொத்த வரிச் செலவு 2,974.9 கோடி, அதை லாபத்தால் வகுத்தால் 24.1 சதவீதம் வந்துவிடுகிறது. அயர்லாந்து வழக்கின் தொகையை நீக்கிப் பார்த்தால் விகிதம் 15.8 சதவீதம் மட்டுமே. முந்தைய ஆண்டுகளோடு ஒப்பிட வேண்டியது இந்த எண்ணைத்தான். இவ்வளவும் ஒரே அட்டவணையில், மூன்று ஆண்டுகளுக்கும் அடுத்தடுத்த நெடுவரிசைகளில் கிடைப்பதையே இத்தளத்தின் தலையாய பயனாகக் கருதுகிறேன்.

கணக்கில் காட்டும் வரிச் செலவும் ரொக்கமாகக் கட்டிய வரியும் ஒன்றல்ல என்பதையும் இங்கேயே சரிபார்த்துக்கொள்ளலாம்: அதே ஆண்டில் ஆப்பிள் ரொக்கமாகச் செலுத்திய வருமான வரி ஏறத்தாழ 2,610 கோடி டாலர்.

குறைகளும் உண்டு. கணக்கியல் சொற்களுக்குத் தளம் விளக்கம் தருவதில்லை. தொகைகள் பெரும்பாலும் மில்லியனில் இருப்பதால் கோடிக்கு மாற்றிப் படிக்க வேண்டியிருக்கிறது. ஆவணங்களின் முழு உரையிலும் சொற்களைத் தேடும் வசதி 2001 முதலான ஆவணங்களுக்கே பயன்படும். இவற்றைவிட எனக்குப் பெரிதாகப்படுவது, மேலே சொன்ன 531.1 கோடி எந்தெந்த நாடுகளால் நேர்ந்தது என்பது அந்த அட்டவணையில் இல்லாததுதான். அது எட்கரின் குறையன்று. அப்போதிருந்த கணக்கியல் விதி அவ்வளவே கேட்டது. 2024 டிசம்பர் 15-க்குப் பின் தொடங்கும் நிதியாண்டுகளுக்கு, முக்கிய நாடுகளைத் தனித்தனியே காட்ட வேண்டும் என்று அமெரிக்க விதி மாறியிருக்கிறது. ஆப்பிளின் நிதியாண்டு செப்டம்பர் இறுதியில் தொடங்குவதால், அதன் 2026 நிதியாண்டு அறிக்கையில்தான் இது கட்டாயமாகிறது.