ரேம் கூட்டிய பின் லினக்ஸ் தடுமாறினால்: மெம்டெஸ்ட்86 பிளஸா, மெம்டெஸ்டரா?

கோலாலம்பூரில் மடிக்கணினிக்கு ரேம் கூட்டுவது பெரிய காரியமில்லை. புக்கிட் பிந்தாங்கில் லோ யாட் பிளாசாவுக்குப் போனால் மாடிக்கு மாடி கணினிக் கடைகள். வாங்கிய இடத்திலேயே பொருத்தி, இயந்திரத்தைத் தொடங்கிக் காட்டுவார்கள். திரையில் 16 ஜிபி என்று வந்ததும் பணத்தைக் கொடுத்துவிட்டுக் கிளம்பிவிடுகிறோம். அந்த எண், ரேம் அடையாளம் காணப்பட்டது என்பதற்கு மட்டும்தான் சாட்சி. எழுதியது எழுதியபடியே திரும்பி வருமா என்பதை அது சொல்லாது.

தொல்லை மெல்லத்தான் தலைகாட்டும். உலாவி காரணமின்றி மூடிக்கொள்ளும். மூல நிரலை இயங்கு நிரலாக்கும் வேலை (கம்பைல்) ஒருமுறை தோற்கும், மறுமுறை அதே கட்டளையில் வெற்றி பெறும். இறக்கிய பெரிய கோப்பின் சரிபார்ப்புத் தொகை (கோப்பு மாறாமல் இருக்கிறதா என்று அறியக் கணக்கிடும் எண்) ஒவ்வொரு கணக்கீட்டிலும் வேறு வேறாக வரும். இந்த மூன்றாவது அறிகுறியைக் கண்டால் லினக்ஸை மறுபடி நிறுவ உட்காராதீர்கள். முதலில் ரேமைச் சந்தேகப்படுங்கள்.

சில விஷயங்கள் பழுதே அல்ல. ரேம் அளவைச் சொல்லும் 'ஃப்ரீ' கட்டளை 16க்குப் பதில் 15 சொச்சம் காட்டினால், ஒருங்கிணைந்த கிராஃபிக்ஸும் லினக்ஸின் மையமான கெர்னலும் தம் பங்கை எடுத்துக்கொண்டன என்று பொருள். வன்பொருள் விவரம் தரும் 'டிமிடிகோட்' கட்டளை காட்டும் ரேம் வேகம் பெட்டியில் போட்டதைவிடக் குறைவாக இருந்தால், பழைய ரேமின் வேகத்துக்குப் புதியது இறங்கி ஓடுகிறது. 3200ஐ 2666உடன் சேர்த்தால் இரண்டும் 2666தான். டிடிஆர்5 வகை ரேம் உள்ள இயந்திரம் முதல்முறை தொடங்கும்போது சில நிமிடம் கறுப்புத் திரையோடு நின்றால் பதறி அணைக்க வேண்டாம். அது நினைவகத்தைப் பழக்கிக்கொண்டிருக்கிறது.

இவற்றைத் தாண்டியும் தடுமாற்றம் தொடர்ந்தால் எதைக் கொண்டு சோதிப்பது? நம்மவர்களில் பெரும்பாலோர் கை நீட்டுவது மெம்டெஸ்டர் என்ற ரேம் சோதனை நிரலிடம். காரணம் புரிகிறது. உபுண்டு, டெபியன் போன்ற லினக்ஸ் வகைகளில் ஒரே கட்டளையில் நிறுவலாம், யுஎஸ்பி தேவையில்லை, இயந்திரத்தை அணைக்கவும் வேண்டாம். 'சூடோ மெம்டெஸ்டர் 4ஜி 3' என்றால் 4 ஜிபியைப் பிடித்துக்கொண்டு மூன்று சுற்று சோதிக்கும். தொலைவிலிருக்கும் கணினியையும் எஸ்எஸ்எச் எனும் தொலைஇணைப்பு வழியாக இப்படிப் பார்த்துவிடலாம்.

ஆனால் அது லினக்ஸுக்குள்ளேயே ஓடும் நிரல். கெர்னல் உட்கார்ந்திருக்கும் இடத்தையும், பிற நிரல்கள் வைத்திருக்கும் இடத்தையும் அதனால் தொடவே முடியாது. குற்றம் சாட்டப்பட்டவரின் வீட்டிலேயே தங்கி, அவர் திறந்துவிட்ட அறைகளை மட்டும் பார்த்துவிட்டு விசாரணையை முடிப்பது போன்றது இது. பழுதைக் கண்டுபிடித்தாலும், வழக்கமான ஓட்டத்தில் ரேமின் மெய்யான முகவரியைச் சொல்லாது. ஆகவே அது 'பழுது' என்றால் நம்பலாம். 'சரி' என்றால் நம்பக் கூடாது. செந்தூலில் என் அக்கா மகளின் மடிக்கணினியில் மெம்டெஸ்டர் எல்லாம் சரி என்றே சொன்னது. அதே இயந்திரத்தில் இரவு முழுக்க மெம்டெஸ்ட்86 பிளஸை ஓடவிட்டபோது பிழையைக் காட்டும் சிவப்பு வரிகள் விழுந்தன. அவள் ஆய்வறிக்கைக் கோப்புகள் அதில்தான் இருந்தன என்பதால் அன்று எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல.

மெம்டெஸ்ட்86 பிளஸ் இயங்குதளம் எதுவும் இல்லாமல் தானே தொடங்குவது. எனவே ரேம் ஏறக்குறைய முழுவதும் அதன் கைக்கு வருகிறது. 5ஆம் வரிசைப் பதிப்புகள் புதிய கணினிகளின் தொடக்க முறையான யுஇஎஃப்ஐயில் தொடங்காததால் பலர் அதைக் கைவிட்டார்கள். 2022இல் வந்த 6.00 பதிப்பு அந்தக் குறையைத் தீர்த்துவிட்டது. இப்போது டெபியன், உபுண்டு தொகுப்பாக நிறுவினால் கணினி தொடங்கும்போது வரும் கிரப் பட்டியலிலேயே வந்து நிற்கும். கையொப்பமில்லாத நிரல்களைத் தொடக்கத்தில் மறிக்கும் செக்யூர் பூட் தடுத்தால் சோதனை முடியும்வரை அதை அணைத்துவையுங்கள். செக்யூர் பூட்டை அணைக்க முடியாத அலுவலக இயந்திரமென்றால், பாஸ்மார்க் நிறுவனத்தின் மெம்டெஸ்ட்86 ஒரு மாற்று. பெயர் ஒன்றுபோல இருந்தாலும் அது வேறு நிரல், இலவசப் பதிப்பு நான்கு சுற்றோடு நின்றுவிடும்.

இதன் குறை நேரம். பகலில் வேலை இருப்பவருக்கு இரவுதான் வழி. ஒரு சுற்றில் பச்சை வந்ததும் நிறுத்திவிடாதீர்கள். முதல் சுற்று சுருக்கமானது. ஆனால் ஒரே ஒரு சிவப்பு வரி விழுந்தாலும் போதும், மேற்கொண்டு காத்திருக்கத் தேவையில்லை. நினைவகத்தில் 'சற்றே பழுது' என்று ஒன்று கிடையாது.

மூன்றாவதாக ஸ்ட்ரெஸ்ஆப்டெஸ்ட், கூகுள் வெளியிட்டது. மற்ற இரண்டும் நுணுக்கமாகத் தேட, இது ரேமையும் பிராசசரையும் ஒருசேர விரட்டிச் சூடேற்றும். நம் ஊருக்கு இது பொருந்திவருகிறது. டிடிஆர்4 ரேமின் ஒவ்வொரு செல்லையும் 64 மில்லிவினாடிக்குள் புதுப்பிக்க வேண்டும். 85 டிகிரிக்கு மேல் அந்த அவகாசம் பாதியாகிறது, ஏனென்றால் சூட்டில் மின்னூட்டம் வேகமாகக் கசியும். இரவு ஏர்கான் அறையில் தேறிய ரேம், ஏர்கான் இல்லாத வீட்டில் பிற்பகல் மூன்று மணிக்குத் தோற்கலாம். மெம்டெஸ்ட்86 பிளஸில் எதுவும் சிக்காதபோது இதை ஓட்டிப் பாருங்கள்.

ஆக என் வரிசை: முதலில் மெம்டெஸ்ட்86 பிளஸ், பிறகு ஸ்ட்ரெஸ்ஆப்டெஸ்ட். இயந்திரத்தை அணைக்கவே முடியாதபோது மட்டும் மெம்டெஸ்டர்.

சிவப்பு விழுந்ததும் கடைக்கு ஓடுவதற்கு முன் மின்சாரத்தையும் பேட்டரி இணைப்பையும் துண்டித்து, ரேமைக் கழற்றி மறுபடி பொருத்துங்கள். சாய்வாக நுழைத்து, தங்கநிற விளிம்பு மறையும்வரை தள்ளி, பிறகு கீழே அமுக்கினால் இரு பக்கக் கொக்கிகளும் பிடிக்கும். அரைகுறையாக அமர்ந்த ரேமே பல 'பழுது'களுக்குக் காரணம். அப்படியும் பிழை வந்தால் புதிய ரேமை மட்டும் ஒரு ஸ்லாட்டில் வைத்துச் சோதித்து, பிறகு மற்ற ஸ்லாட்டுக்கு மாற்றுங்கள். பிழை ரேமோடு நகர்ந்தால் ரேம் பழுது. ஸ்லாட்டிலேயே தங்கினால் மதர்போர்டு. தனித்தனியே இரண்டும் தேறி, சேர்த்தால் மட்டும் தோற்றால் அந்த இரண்டும் ஒத்துப்போகவில்லை. ஒரே மாதிரியான ஜோடியாக வாங்க வேண்டியதுதான்.

பழுதான பகுதியை மட்டும் ஒதுக்கிவிட்டு ஓட்டலாமே என்பவர்கள் உண்டு. முடியும். மெம்டெஸ்ட்86 பிளஸ் பிழைகளை 'மெம்மேப்' வடிவத்தில், அதாவது ஒதுக்க வேண்டிய முகவரிகளின் பட்டியலாகத் தரும். அதைக் கிரப்பில் சேர்த்தால் கெர்னல் அந்த முகவரிகளைத் தொடாது. மதர்போர்டில் பற்றவைக்கப்பட்ட ரேமுக்கு இது நல்ல வழி. கழற்றக்கூடிய, உத்தரவாதம் உள்ள புதிய ரேமுக்கு இதைச் செய்யாதீர்கள். பழுது பரவக்கூடும், அப்போது உத்தரவாதக் காலம் முடிந்திருக்கலாம். சிவப்பு வரிகளைப் படமெடுத்து, ரசீதோடு போய் மாற்றிக் கேளுங்கள்.

மாற்றிய ரேம் தேறிய பிறகும் ஒரு வேலை பாக்கி. பழுதான ரேம் வழியாக வட்டில் எழுதப்பட்டவை கெட்டிருக்கக்கூடும். டெபியன், உபுண்டுவில் 'டெப்சம்ஸ்', ஃபெடோராவில் 'ஆர்பிஎம்' கட்டளை நிறுவிய தொகுப்புகளைச் சரிபார்க்கும். சொந்தக் கோப்புகளுக்கு அப்படி ஒரு துணை இல்லை. பழுதான ரேமைப் பொருத்துவதற்கு முன் எடுத்த காப்புப் பிரதியோடுதான் ஒப்பிட வேண்டும். அதன்மேல் புதிய பிரதியை எழுதிவிடாதீர்கள்.