லங்காவி கிலிம் படகுச் சவாரி: கழுகுக்குத் தீனி போடாத படகாகக் கேட்டு ஏறுங்கள்

மலேசியாவின் லங்காவித் தீவுக்குப் போகிறவர்களில் பாதிப்பேர் கேபிள் கார், குவா படகுத்துறைப் பக்கம் இருக்கும் பெரிய கழுகுச் சிலை, தீர்வையில்லாக் கடையில் பை நிறைய சாக்லேட் என்று முடித்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். அதுவும் ஒரு விடுமுறைதான், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் காடு, பறவை, விலங்கு பார்க்கும் ஆசை கொஞ்சமாவது இருந்தால் அலையாத்திக் காட்டுக்குள் போகும் கிலிம் ஆற்றுப் படகுச் சவாரியைத் தவறவிடாதீர்கள். ஆறும் காடும் எல்லாருக்கும் ஒன்றுதான், ஏறும் படகைப் பொறுத்து நீங்கள் பார்ப்பது மொத்தமாக மாறிவிடும் என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

நாங்கள் கோலாலம்பூரிலிருந்து குடும்பத்தோடு, மாமியாரையும் கூட்டிக்கொண்டு போயிருந்தோம். முதலில் ஏறியது ஒரு இயற்கை வழிகாட்டியோடு போகும் சின்னப் படகு. காலை வெயில் ஏறுவதற்கு முன்பே கிளப்பிவிட்டார்கள். வழிகாட்டி ஒரு மலாய்க்காரர், என் மாமியாரை ‘மக்சிக்’ (மலாயில் அத்தை) என்று கூப்பிட்டு கையைப் பிடித்துப் படகில் இறக்கிய அக்கறைக்கே தனியாக மதிப்பெண் கொடுக்கலாம். தொலைநோக்கி அவரே கொண்டுவந்திருந்தார். எங்கேயாவது கிளை அசைந்தால் என்ஜினை அணைத்துவிடுவார், படகு தானாக மிதந்து கரைப்பக்கம் ஒதுங்கும், அதன் பிறகு யாரும் பேசக் கூடாது. எங்கள் வீட்டுப் பிள்ளைகளே வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

தண்ணீர் வற்றும் நேரமாகப் பார்த்துப் போனதால் சேறு வெளியே தெரிந்தது. சேற்றில் நடக்கும் மீன்கள் ஒன்றையொன்று துரத்திக்கொண்டு துள்ளின. செவுளுக்குள் தண்ணீரை அடக்கிவைத்துக்கொண்டு, ஈரத் தோலாலும் மூச்சு வாங்கும் என்பதால் கரையில் அவ்வளவு நேரம் தாக்குப்பிடிக்கிறது. ஒரு கொடுக்கு மட்டும் பெரிதாக உள்ள நண்டுகள் அதை ஆட்டி ஆட்டிப் பெண் நண்டைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தன. பாக்காவ் என்ற அலையாத்தி மரத்தில் நீளநீளமாகத் தொங்கியதைப் பார்த்து மாமியார், “என்னப்பா இது, முருங்கைக்காய் மாதிரி இருக்கு” என்றார். அது காய் அல்ல, மரத்தில் இருக்கும்போதே முளைத்துவிட்ட கன்று. உப்புச் சேற்றில் விதை விழுந்து முளைப்பது கஷ்டம் என்பதால் தாய்மரமே வளர்த்து விடுகிறது, விழுந்த இடத்திலேயே குத்திக்கொண்டு நிற்கலாம், அல்லது தண்ணீரோடு மிதந்து போய் வேறு கரையில் வேர்பிடிக்கலாம்.

எனக்கு ரொம்பப் பிடித்தது ஒரு மீன்கொத்தி. உடம்பு ஆரஞ்சு, இறக்கை பழுப்பு, அலகு நல்ல சிவப்பு, நாம் வழக்கமாகப் பார்க்கும் மீன்கொத்தியைவிடப் பெரிசு. இந்த வகை சுந்தரவனக் காடுகளிலிருந்து இந்தப் பக்கக் கடற்கரை வரை உள்ள சதுப்புநிலங்களில்தான் வாழும், அதனால் பறவை பார்க்கிறவர்கள் இதற்காகவே லங்காவி வருகிறார்கள். அப்புறம் கண்ணைச் சுற்றி வெள்ளை வளையம் உள்ள லோத்தோங் குரங்குக் கூட்டம் ஒன்று, அதில் ஒரு தாயின் மடியில் பளிச்சென்ற ஆரஞ்சு நிறக் குட்டி. இவை இலை தின்னும் குரங்குகள், மனிதரைக் கண்டுகொள்வதே இல்லை. வாலாட்டிக்கொண்டு படகைத் தேடி நீந்தியே வரும் நீள்வால் குரங்குகள் வேறு ஜாதி, பிளாஸ்டிக் பையைப் பார்த்தால் விடாது, கையில் எதுவும் வைத்துக்கொள்ளாதீர்கள். நீர்நாய் பார்க்கலாம் என்று வழிகாட்டி ஆசை காட்டினார், எங்களுக்குக் கிடைக்கவில்லை. காட்டு விலங்கு நேரம் சொல்லிவிட்டா வரும்?

சரி, இன்னொரு வகைப் படகு. உறவுக்காரர்கள் வந்து சேர்ந்ததும் அவர்களோடு ஹோட்டல் வழியாகப் பதிவுசெய்த கூட்டுச் சவாரியிலும் போனோம். பெயர் சொல்லப் போவதில்லை, ஏனென்றால் அங்கே ஏகப்பட்ட படகுகள் இதே மாதிரிதான் ஓடுகின்றன. விரைவுப்படகு ஆற்றின் நடுவில் போய் நின்றது, கோழித்தோலை அள்ளி வீசினார்கள், செம்பருந்துகள் கூட்டமாக இறங்கின, நடுவில் ஒன்றிரண்டு வெண்வயிற்றுக் கடற்கழுகுகள். எல்லாரும் கைப்பேசியைத் தூக்கிவிட்டார்கள், படம் அருமையாக வரும் என்பதை மறுக்க முடியாது. ஆனால் மீன், நண்டு, செத்தது என்று முழுசாகத் தின்னும் பறவைக்கு வெறும் கொழுப்பும் தோலும் சரியான தீனி அல்ல, எலும்புக்குத் தேவையான சுண்ணாம்புச் சத்து அதில் கிடையாது. படகுச் சத்தம் கேட்டதும் வேட்டையை விட்டுவிட்டு வட்டமடிக்கவும் பழகிவிடுகிறது. இதைவிட எனக்குக் கோபம் வந்தது வேகத்தைப் பார்த்துத்தான். படகு கிழித்துக்கொண்டு போகும்போது எழும் அலை கரையில் மோதி மண்ணை அரித்துக்கொண்டு போகிறது, வேர் வெளியே தெரிய மரங்கள் சாய்ந்து கிடப்பதை நீங்களே பார்க்கலாம். எந்தக் காட்டைக் காட்டிக் காசு வாங்குகிறார்களோ அதையே கரைக்கிறார்கள்.

அந்தச் சவாரியில் மிதக்கும் மீன்பண்ணையில் நிறுத்தினார்கள். வாயிலிருந்து தண்ணீரைப் பீய்ச்சிப் பூச்சியை விழவைக்கும் மீன் அங்கே இருக்கிறது, பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம். திருக்கையைக் கையில் எடுத்துக்கொடுப்பதெல்லாம் எனக்கு ஒட்டவில்லை. சாப்பாடு சுமார், கரைக்குத் திரும்பி மாமாக் கடையில் (இந்திய முஸ்லிம் உணவுக்கடை) ரொட்டி சானாயும் தே தாரேக்கும் (ஆற்றிய பால் தேநீர்) சாப்பிட்ட பிறகுதான் உயிர் வந்தது.

வௌவால் குகை இரண்டு சவாரியிலும் உண்டு. மரப்பாலம் போட்டிருக்கிறார்கள், குனிந்து போக வேண்டிய இடம் இருக்கிறது, முழங்கால் வலி உள்ளவர்கள் படகுத்துறை நிழலிலேயே இருந்துவிடலாம். கைவிளக்கை வௌவால் மேல் நேராக அடிக்காதீர்கள். இந்தச் சுண்ணாம்புப் பாறைகள் 40 கோடி ஆண்டுக்கும் மேல் பழசு. மேற்குப் பக்கம் கேபிள் கார் ஏறும் மச்சிஞ்சாங் மலையின் மணற்பாறை அதைவிட மூத்தது. இதற்காகத்தான் 2007இல் யுனெஸ்கோ லங்காவியைப் புவிப்பூங்காவாக, அதாவது பாறைக்கும் நில அமைப்புக்கும் பேர்போன இடமாக, ஏற்றது, தென்கிழக்கு ஆசியாவில் முதலாவது. கூட்டுச் சவாரியில் இதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல ஆளில்லை.

காசு விஷயம். துறையில் நேராகப் போய் எடுத்தால் தலைக்கு அல்ல, படகுக்குத்தான் மணிக்கணக்கில் வாடகை, ஆகவே இரண்டு குடும்பம் சேர்ந்தால் கட்டுப்படியாகும். வழிகாட்டியோடு போவது கூட்டுச் சவாரியைவிட விலை அதிகம்தான், ஒளிக்கவில்லை, எனக்கு அது தகும். முன்பதிவு செய்யும்போதே “கழுகுக்குத் தீனி போடுவீர்களா?” என்று கேளுங்கள், மழுப்பினால் அடுத்த ஆளைப் பாருங்கள். லங்காவி இருக்கும் கெடா மாநிலத்தில் வெள்ளி, சனிதான் வார விடுமுறை, அந்த இரண்டு நாளும் உள்ளூர்க் கூட்டமும் சேர்ந்துகொள்ளும். டிசம்பர் முதல் மார்ச் வரை வானிலை நன்றாக இருக்கும். செப்டம்பர், அக்டோபரில் மழை பிடித்துக்கொண்டால் என்ன செய்வார்கள் என்று முன்கூட்டியே எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள், நாங்கள் விசாரித்தபோது வேறு நாள் மாற்றித் தருகிறோம் என்றார்கள், பணத்தைத் திருப்பித் தருவது பற்றி மூச்சு விடவில்லை.