512 ஜிபி ஸ்டீம் டெக் என்று சொல்லி எனக்கு விற்றது: வேலைக் கணினியாக வாங்கப் போகிறவர்கள் படித்துவிட்டுப் போங்கள்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், கையில் பிடித்து விளையாடும் சிறு கணினியான ஸ்டீம் டெக் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. இதைத் தட்டச்சு செய்துகொண்டிருப்பதே அதில்தான். என் கோபமெல்லாம் அதை எனக்கு விற்றவர் மேல். கடைப் பெயரைப் போடவில்லை, புகார் நுகர்வோர் ஆணையத்தில் இருக்கிறது, அது முடியும்வரை போடக்கூடாது என்று சொல்லியிருக்கிறார்கள். ஆனால் என்ன விற்றார், நான் எதைக் கவனிக்காமல் விட்டேன், அதனால் என்ன போயிற்று என்பதை ஒளிவுமறைவில்லாமல் எழுதுகிறேன். இந்தக் கருவியை லேப்டாப்புக்குப் பதிலாக வாங்கலாமா என்று கடந்த சில மாதங்களில் மூன்று பேர் என்னிடம் கேட்டுவிட்டார்கள், மூன்று பேருமே எனக்கு விற்றவரைப் போன்ற ஆட்களிடம்தான் வாங்கப் போகிறார்கள்.

நான் பதிப்பகங்களுக்குப் பிழை திருத்தமும் மொழிபெயர்ப்பும் செய்து கொடுக்கிறேன். செங்கல்பட்டிலிருந்து சென்னைக்கு வாரத்தில் நான்கு நாள் மின்சார ரயில். எட்டு வருஷம் உழைத்த லேப்டாப்பில் மதர்போர்டு போய்விட்டது, சரி செய்யக் கேட்ட தொகைக்கு மேலே கொஞ்சம் போட்டால் வேறு வாங்கிவிடலாம் என்ற நிலை. விண்டோஸ் இல்லை, லினக்ஸ் இயங்குதளம்தான் எனக்குப் பழக்கம். ஸ்டீம் டெக்கில் ஓடுவது ஆர்ச் லினக்ஸை அடிப்படையாகக் கொண்ட ஸ்டீம்ஓஎஸ். பவர் பொத்தானை அழுத்திப் பிடித்து டெஸ்க்டாப்புக்கு மாறினால் சாதாரணக் கணினியில் இருப்பது போலவே கேடிஈ பிளாஸ்மா என்ற முழுமையான பணித்திரை வந்துவிடும். 16 ஜிபி ரேம், நான்கு கோர் ஏஎம்டி ப்ராசசர். வீட்டில் ஒரு யூஎஸ்பி-சி டாக்கில் (இணைப்புப் பெட்டியில்) செருகினால் பழைய மானிட்டர், கீபோர்டு, மவுஸ் எல்லாம் சேர்ந்துகொள்ளும், ரயிலில் மடியில் வைத்துப் படிக்கலாம். விளையாட்டுக்கென்று செய்த கருவி என்றாலும் எழுத்து வேலைக்கு இது தாராளம்.

இங்கேதான் சிக்கல் ஆரம்பிக்கிறது. வால்வ் நிறுவனம் இதை 2022 பிப்ரவரியில் வெளியிட்டது, இன்றுவரை இந்தியாவில் அதிகாரபூர்வமாக விற்கவில்லை. ஆகவே இங்கே கிடைப்பதெல்லாம் யாரோ வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்தது, அல்லது யாரோ பயன்படுத்திவிட்டுக் கைமாற்றியது. நிறுவனத்தின் உத்தரவாதம் இங்கே செல்லாது. விற்பவர் சொல்வதுதான் விவரம், அவர் எழுதித் தருவதுதான் வாரண்டி.

தீபாவளிக்கு முன்னால், மவுண்ட் ரோடு பக்கம் ஒரு மாடிக்கடையில் பார்த்தேன். "512 ஜிபி மாடல் சார், ஒரு வாரம்கூட யூஸ் பண்ணல, துபாய்லேர்ந்து வந்தது, பெட்டியைத் திறந்ததோட சரி" என்றார். செட்டிங்ஸைத் திறந்து கொள்ளளவைக் காட்டினார், 470 சொச்சம் இருந்தது. 512 ஜிபி டிரைவில் அவ்வளவுதான் காட்டும் என்று எனக்குத் தெரியும், ஆகவே நம்பினேன். விலை 46,000. 512 ஜிபி மெமரி கார்டு ஒன்று இலவசம். பில் கேட்டேன். "பில் போட்டா ஜிஎஸ்டி சேரும் சார், உங்களுக்குத்தான் நஷ்டம்" என்று சொல்லி ஒரு எஸ்டிமேட் சீட்டில் தொகையை எழுதி, கீழே '1 வருடம் வாரண்டி' என்று பேனாவால் எழுதிக் கொடுத்தார். கடையின் பெயரும் இல்லை, முகவரியும் இல்லை, சீரியல் எண்ணும் இல்லை. 30,000 யூபிஐயில், 16,000 ரொக்கமாக.

அடுத்த ஏழு வாரம் நன்றாகவே ஓடியது. லிப்ரேஆபிஸும் ஃபயர்பாக்ஸும் டிஸ்கவர் என்ற மென்பொருள் கடையிலிருந்து ஃப்ளாட்பேக்காக, அதாவது இயங்குதளத்தைத் தொடாமல் தனியாக நிற்கும் பொதியாக, ஏற்றினேன். தமிழ் தட்டச்சுதான் கொஞ்சம் படுத்தியது. நான் தமிழ்99 விசைப்பலகை ஆள், அதற்கான பொதியை வழக்கம்போல ஆர்ச் லினக்ஸின் நிறுவு கருவியான பேக்மேன் வழியாகப் போட்டேன், ஆனால் ஸ்டீம்ஓஎஸ்ஸில் இயங்குதளம் இருக்கும் மூலப் பகுதி எழுதமுடியாதபடி பூட்டியிருக்கும், பூட்டைத் திறந்து நாம் போடுவதை அடுத்த அப்டேட் துடைத்துவிடும். துடைத்தது. அப்புறம் எஃப்சிஐடிஎக்ஸ்5 (Fcitx5) என்ற தட்டச்சு மென்பொருளை ஃப்ளாட்பேக்காகப் போட்டதும் அப்டேட்டுக்குப் பயப்பட வேண்டியதில்லாமல் போனது. இதை வேலைக் கணினியாக்க நினைப்பவர்கள் இதை மட்டும் நினைவில் வையுங்கள்: உங்களுக்கு வேண்டிய எல்லாமே ஃப்ளாட்பேக்காகவோ உங்கள் ஹோம் ஃபோல்டருக்குள்ளோ இருக்க வேண்டும்.

ஒரே ஒரு தொந்தரவு, ரயிலில் ஜன்னலோரம் உட்கார்ந்தால் திரையில் என் முகமும் மின்கம்பங்களும்தான் தெரிந்தன. மேட் ஸ்டிக்கர் வாங்கி ஒட்டலாமா என்றுகூட யோசித்தேன். இதைப் பிடித்துக்கொள்ளுங்கள், திரும்ப வருகிறேன்.

வேலைக் கோப்புகள் உள்ளே இருந்த எஸ்எஸ்டியில், அதாவது கருவியின் சேமிப்பு டிரைவில். ஒவ்வொரு நாள் இரவும் அவற்றை அந்த இலவச மெமரி கார்டுக்குப் பிரதி எடுத்தேன். பழைய லேப்டாப்பிலிருந்து மீட்ட 58 ஜிபி ஸ்கேன் பிடிஎஃப்களை முதல் நாளே அந்தக் கார்டில் கொட்டியிருந்தேன். அதன்பிறகு தினசரிப் பிரதிகள். பெயரெல்லாம் சரியாக இருந்தது, அளவெல்லாம் சரியாக இருந்தது, நகலெடுக்கும்போது ஒரு பிழைச் செய்திகூட வரவில்லை.

டிசம்பர் முதல் வாரம். எங்கள் தொழிலில் டிசம்பர் என்றால் தெரியும், புத்தகக் காட்சிக்குள் அச்சேற வேண்டிய எல்லாம் ஒரே நேரத்தில் தலையில் விழும். ஒரு ஓய்வுபெற்ற ஆசிரியர் தன் ஊர்க் கண்மாய்களைப் பற்றி எழுதிய நூல் என்னிடம் இருந்தது, 340 பக்கம், மடைப் பெயர்கள், மறுகால் பெயர்கள், கரையோர ஊர்ப் பெயர்கள் என்று ஒவ்வொன்றையும் அவரிடமே தொலைபேசியில் கேட்டுக் கேட்டுத் திருத்திக்கொண்டிருந்தேன். ஒரு காலையில் சேமிக்கும்போது எல்லாம் உறைந்துபோனது. அணைத்துப் போட்டேன். சின்னம் வந்து கருப்புத் திரை. ஒலிக்குறைப்புப் பொத்தானையும் பவரையும் சேர்த்து அழுத்தினால் வரும் பூட் பட்டியலில் உள் டிரைவே இல்லை.

பிரதிதான் இருக்கிறதே என்று கார்டைக் கழற்றி இன்னொருவர் லேப்டாப்பில் போட்டேன். கோப்புகள் எல்லாம் இருந்தன. திறந்து பார்த்தால் பெரும்பாலானவை திறக்கவில்லை. ஆரம்பத்தில் போட்ட பிடிஎஃப்களில் பாதி திறந்தன, மீதி இல்லை. தினசரிப் பிரதிகளில் ஒன்றும் இல்லை. ஒன்றுமே.

கணினி பழுதுபார்க்கும் நண்பர் ஒருவரிடம் இரண்டையும் கொண்டுபோனேன். அவர் கார்டில் முதலில் எஃப்3 என்ற கட்டற்ற கருவியை ஓட்டினார். அது கார்டு முழுக்கத் தெரிந்த தரவை எழுதி, திரும்பப் படித்துப் பார்க்கும். விண்டோஸில் இதே வேலைக்கு எச்2டெஸ்ட்டபிள்யூ இருக்கிறது. முடிவு: உண்மையான கொள்ளளவு 32 ஜிபி. உள்ளே இருக்கும் கட்டுப்பாட்டுச் சில்லை 512 என்று பொய் சொல்லும்படி மாற்றியிருக்கிறார்கள். கணினியும் அதை நம்பி எழுதிக்கொண்டே போகும், 32-ஐத் தாண்டியதெல்லாம் எங்கும் போய்ச் சேராது, அல்லது ஏற்கெனவே இருப்பதன் மேலேயே விழும். நான் முதல் நாளே 58 ஜிபி போட்டதால், அதற்குப் பிறகு எடுத்த ஒவ்வொரு இரவின் பிரதியும் எடுத்த அன்றே செத்துப் பிறந்தது.

அப்புறம் டெக்கைத் திறந்தார். திறக்கும்போதே முகம் மாறியது. என்னுடையதைப் போன்ற எல்சிடி திரை மாடலில் பின்மூடித் திருகுகள் நேராகப் பிளாஸ்டிக்கில்தான் இறங்கும், ஒரு தடவைக்கு மேல் அழுத்தி முறுக்கினால் மரை தேய்ந்துவிடும். எட்டில் மூன்று திருகுகள் சும்மா சுற்றின. உள்ளே எஸ்எஸ்டியைச் சுற்றி இருக்க வேண்டிய வெள்ளித்தாள் போன்ற உறை இல்லை. எஸ்எஸ்டியின் லேபிள் உரிக்கப்பட்டிருந்தது. யூஎஸ்பி உறையில் போட்டு வெகுநேரம் முயன்ற பிறகு ஒரு தடவை அது விழித்தது, அந்தச் சந்தில் ஸ்மார்ட் விவரத்தை, அதாவது டிரைவ் தன் ஆயுளைப் பற்றித் தானே வைத்திருக்கும் கணக்கைப் படித்துவிட்டார்: ஆயுளில் 97 விழுக்காடு தீர்ந்தது, 19,000 மணிநேரத்துக்கு மேல் ஓடியது. இரண்டு வருஷத்துக்கும் கூடுதலாக எங்கேயோ இரவு பகலாக ஓடிய டிரைவ். ஒரு வாரம்கூடப் பயன்படுத்தாத கருவிக்குள்.

இப்போது அந்தத் திரைக்கு வருகிறேன். எல்சிடியில் மூன்று மாடல்கள் வந்தன: 64 ஜிபி, 256, 512. அமெரிக்காவில் 399, 529, 649 டாலர். ரேம், ப்ராசசர், பேட்டரி மூன்றிலும் ஒன்றே. ஆனால் 512-இல் மட்டும் கண்ணாடி வேறு, பளபளப்பு தெரியாதபடி அரித்தெடுத்த மேட் கண்ணாடி. என் கையில் இருந்ததோ முகம் பார்க்கிற கண்ணாடி. அதாவது எனக்குக் கொடுத்தது 64 அல்லது 256 ஜிபி மாடல். அதில் சேமிப்பகம் சிறு பலகையாக எம்.2 செருகியில் இருக்கும், கழற்றிவிட்டு அதற்குப் பொருந்தும் 2230 அளவு (22-க்கு 30 மில்லிமீட்டர்) எஸ்எஸ்டியைப் போட்டால் ஏற்கும். அதைச் செய்வதில் தவறே இல்லை, உரிமையாளர்கள் பலர் செய்கிறார்கள். செய்ததை மறைத்து, குப்பையில் கிடந்த டிரைவைப் போட்டு, 512 மாடலின் விலைக்கு விற்பதுதான் அயோக்கியத்தனம். ஏழு வாரமாக ரயில் ஜன்னலோரம் அந்தத் திரை உண்மையைச் சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறது, எனக்குத்தான் தெரியவில்லை.

கடைக்குப் போனேன். முதலில் "கார்டு ஃப்ரீயா குடுத்தது சார், அதுக்கெல்லாம் கேக்கக்கூடாது" என்றார். எஸ்எஸ்டியைக் காட்டியதும் "நீங்க வெளியில திறந்துட்டீங்க, வாரண்டி போச்சு, உள்ள என்ன மாத்தினீங்களோ யாருக்குத் தெரியும்" என்றார். இந்த ஒரு பேச்சுக்கு என்னிடம் பதில் இல்லாமல் போயிருக்கும், நண்பர் திறக்கும் முன்னாலிருந்தே வழக்கப்படி வீடியோ எடுத்திருந்ததால் பிழைத்தேன். வீடியோவைக் காட்டியதும் குரல் தணிந்து 5,000 தருகிறேன், விட்டுவிடுங்கள் என்றார். மறுத்துவிட்டு வந்தேன். மறுநாளிலிருந்து என் எண்ணை அவர் எடுக்கவில்லை.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அங்கே பதிவு செய்தேன். பில் இல்லாததால் விற்றவர் யார் என்று நிறுவுவதே பெரும்பாடு, கடைசியில் கைகொடுத்தது அந்த 30,000 யூபிஐ பதிவுதான், அதில் பெயரும் நாளும் நேரமும் இருந்தது. ரொக்கமாகக் கொடுத்த 16,000-க்கு அந்தச் சீட்டைத் தவிர ஒன்றும் இல்லை. பிறகு மாவட்ட ஆணையத்தில் புகார் கொடுத்தேன். 2019-ஆம் ஆண்டுச் சட்டத்தில் நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே கொடுக்கலாம், 5 லட்சம் வரையிலான பொருளுக்குக் கட்டணமும் இல்லை, இரண்டு வருஷத்துக்குள் கொடுக்க வேண்டும். வக்கீல் வைக்கவில்லை, நானே எழுதினேன்.

நீங்கள் வாங்கப் போவதானால் கடையிலேயே அரை மணிநேரம் கேளுங்கள், தரமாட்டேன் என்றால் வந்துவிடுங்கள். 512 எல்சிடி என்று சொன்னால் முதலில் டியூப்லைட்டின் கீழே திரையைச் சாய்த்துப் பாருங்கள், விளக்கு கூர்மையாகத் தெரிந்தால் அது 512 இல்லை. டெஸ்க்டாப்புக்கு மாறி இன்ஃபோ சென்டரில் ஆற்றல் பக்கத்தைத் திறந்தால் பேட்டரி ஆரம்பத்தில் எவ்வளவு, இப்போது எவ்வளவு என்று காட்டும். எல்சிடியில் ஆரம்பம் சுமார் 40 வாட்-மணி, என்னுடையது 31, அதை வாங்கிய அன்றே பார்த்திருந்தால் 'ஒரு வாரம்கூட யூஸ் பண்ணல' என்ற பொய் அங்கேயே உடைந்திருக்கும். லினக்ஸை நேராக இயக்கும் ஒரு லைவ் பென்டிரைவும் யூஎஸ்பி ஹப்பும் கையோடு கொண்டுபோய், ஸ்மார்ட் கணக்கைப் படிக்கும் ஸ்மார்ட்சிடிஎல் (smartctl) கட்டளையை ஓட்டிப் பாருங்கள், எஸ்எஸ்டி ஓடிய மணிநேரம் ஒரு நிமிஷத்தில் தெரியும். பின்மூடித் திருகுகளின் தலையைப் பாருங்கள். இலவசமாகத் தரும் கார்டை எஃப்3 ஓட்டாமல் தொடாதீர்கள், பெரிய கார்டுக்கு அது பல மணிநேரம் எடுக்கும், இரவில் ஓட விட்டுத் தூங்குங்கள். தொகை முழுவதையும் யூபிஐயிலோ வங்கி வழியாகவோ கொடுங்கள். பில்லில் சீரியல் எண் இருக்க வேண்டும். பழுதானால் திறக்கும் முன்பே எழுத்தில் புகார் அனுப்பிவிட்டு, வீடியோ எடுத்துக்கொண்டு திறங்கள். திறக்கும் முன் மெமரி கார்டை வெளியே எடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் மூடியைக் கழற்றும்போது அது முறிந்துவிடும்.

இன்னொன்று, இது விளையாட்டுக் கருவியாக மட்டும் இருந்திருந்தால் எனக்குப் போயிருப்பது பணம்தான். ஒரே கருவியில் பிழைப்பை வைப்பவர்கள் கருவியையும் பிரதி எடுக்கும் கார்டையும் ஒரே ஆளிடம் வாங்காதீர்கள். பிரதி எடுத்தால் வாரம் ஒருமுறை அதிலிருந்து ஒரு கோப்பைத் திறந்து படித்துப் பாருங்கள். நான் ஏழு வாரத்தில் ஒருமுறைகூடத் திறந்து பார்க்கவில்லை.

இப்போது அதே டெக்கில் பில்லோடு வாங்கிய புது எஸ்எஸ்டி ஓடுகிறது, பிரதி வேறொரு வன்தட்டிலும் மின்னஞ்சலிலும் போகிறது. கண்மாய் நூலில் நான் கடைசியாக மின்னஞ்சலில் அனுப்பியிருந்த வடிவம் 11 நாள் பழையது. மறுபடி அந்த ஆசிரியரைக் கூப்பிட்டு மடைப் பெயர்களை முதலிலிருந்து கேட்டேன். ஒரு வார்த்தை கோபப்படவில்லை, "பரவாயில்லப்பா, எழுதிக்கோ" என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். புத்தகம் பிப்ரவரியில் வந்தது. காட்சிக்கு அவரைக் கூட்டிவர மகன் எடுத்திருந்த ரயில் டிக்கெட்டை ஜனவரியிலேயே ரத்து செய்துவிட்டார்கள்.